வாசகர் கேள்வி: தணிக்கையாளரும் வாக்குக் கேட்டு வருவாரா?

கேள்வி: அமெரிக்க மாநிலம் ஒன்றின் தேர்தல் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆளுநர் பதவிக்குக் கீழே ‘மாநிலத் தணிக்கையாளர்’ என்ற பதவிக்கும் கட்சி வேட்பாளர்கள் போட்டியிட்டிருப்பதைக் கண்டேன். கணக்குகளைச் சரிபார்க்கும் ஓர் அதிகாரி ஏன் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும்?

பதில்: அமெரிக்காவின் 50 மாநிலங்களில் இருபதுக்கும் மேற்பட்டவற்றில் தணிக்கையாளரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஆளுநர் என்பவர் மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்லர். மாநில அரசை நடத்தும் தலைவர், தாமும் தேர்தலில் வென்று வருபவர். நிர்வாக அதிகாரம் முழுவதும் அந்த ஒருவர் கையில் குவிந்துவிடக் கூடாது என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் மாநிலங்களிடையே வலுப்பெற்றது. அதன் விளைவாகக் கருவூலத் தலைவர், அரசுத் தலைமை வழக்கறிஞர், தணிக்கையாளர் ஆகிய பதவிகளும் தனித்தனித் தேர்தலுக்குரியவை ஆயின. செலவு செய்பவரே தம் செலவைச் சோதிப்பவரையும் நியமித்தால், சோதிப்பவர் எழுதும் ஒவ்வொரு தணிக்கைத் தடையும் அவருடைய வேலைக்கே உலை வைக்கக்கூடும். மக்கள் தேர்ந்தெடுத்த தணிக்கையாளரையோ ஆளுநர் தம் விருப்பத்துக்குப் பதவி நீக்கம் செய்ய இயலாது.

இதே நோக்கத்தை வேறு வழியில் அடைந்த மாநிலங்களும் உண்டு. மிச்சிகனில் சட்டமன்றம் தணிக்கைத் தலைவரை எட்டு ஆண்டுகளுக்கு நியமிக்கிறது. கலிஃபோர்னியாவில் சட்டமன்றத்தின் கூட்டுத் தணிக்கைக் குழு மூவர் பெயரைப் பரிந்துரைக்க, ஆளுநர் அவர்களில் ஒருவரை நியமிக்கிறார். அரசுத் தணிக்கைக்கான நெறிகளைத் தொகுத்து, ‘மஞ்சள் புத்தகம்’ என்று செல்லப்பெயர் பெற்றிருக்கும் கூட்டரசின் (அமெரிக்க மத்திய அரசின்) ஆவணமும், மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவது, சட்டமன்றத்தால் நியமிக்கப்படுவது ஆகிய இரண்டையுமே சுதந்திரத்துக்கு ஏற்ற அமைப்புகளாகக் கருதுகிறது.

கேள்வி: அப்படியானால் இந்த இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் தணிக்கையாளரின் வேலை ஒன்றுதானா?

பதில்: இல்லை. பெயரைப் பார்த்து ஏமாறுவதற்கு இதைவிட நல்ல பதவி கிடைக்காது என்பேன். மொன்டானாவின் மாநிலத் தணிக்கையாளர் உண்மையில் காப்பீட்டு நிறுவனங்களையும் பங்குப் பத்திர விற்பனையையும் ஒழுங்குபடுத்தும் ஆணையர். அந்த மாநிலத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்வது சட்டமன்றத்தின் கீழ் இயங்கும் வேறொரு பிரிவு. அலபாமாவின் தணிக்கையாளருக்கு முதன்மையான வேலை, அரசு அலுவலகங்களில் இருக்கும் தளவாடச் சாமான்களின் இருப்புப் பதிவேட்டைப் பராமரிப்பது. மேற்கு வர்ஜீனியாவிலும் வையோமிங்கிலும் அரசுக்கு வரும் கட்டணப் பட்டியல்களுக்கு (பில்களுக்கு) பணம் வழங்கும் பொறுப்பே தணிக்கையாளருடையது. இண்டியானா மட்டும் 2023ஆம் ஆண்டில் தன் ‘தணிக்கையாளர்’ பதவியின் பெயரை ‘கம்ப்ட்ரோலர்’ (கணக்குக் கட்டுப்பாட்டாளர்) என்று மாற்றி, பெயருக்கும் வேலைக்கும் இருந்த முரண்பாட்டை ஒருவழியாகத் தீர்த்துக்கொண்டது.

இந்தக் குழப்பத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய வழக்கில் தணிக்கை என்பது பணம் வெளியே போவதற்கு முன் செய்யப்படும் சரிபார்ப்பு. ஒரு பட்டியல் வந்தால், அது முறையானதா, அதற்கு நிதி ஒதுக்கீடு இருக்கிறதா என்று பார்த்துக் கையொப்பமிடுபவர்தான் தணிக்கையாளர். அவர் கையொப்பம் இன்றிக் கருவூலம் பணம் தராது. ஆண்டு முடிந்தபின் ஆவணங்களைத் திரட்டி, செலவு சட்டப்படி நடந்ததா, பயன் தந்ததா என்று வெளியாளாக நின்று ஆராயும் இன்றைய தணிக்கை பின்னர் வளர்ந்தது. சில மாநிலங்களில் பதவியும் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. சிலவற்றில் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

முழுமையான பொருளில் தணிக்கை செய்யும் அலுவலகங்களாக ஒஹாயோ, மிசோரி, பென்சில்வேனியா, வாஷிங்டன், மாசசூசெட்ஸ் ஆகியவற்றைச் சொல்லலாம். இத்தகைய அலுவலகங்கள் செய்யும் தணிக்கை வகைகளில் முதலாவது நிதித் தணிக்கை, அதாவது அரசு வெளியிடும் வரவு செலவு அறிக்கை உண்மை நிலையைக் காட்டுகிறதா என்று கருத்துரைப்பது. இரண்டாவது, கூட்டரசு மாநிலத்துக்குத் தரும் மானியம் நிபந்தனைப்படி செலவானதா என்ற ஒருங்கிணைந்த தணிக்கை. இதற்கான சட்டம் 1984ஆம் ஆண்டில் வந்தது. ஓராண்டில் 10 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் கூட்டரசு நிதியைச் செலவழிக்கும் அமைப்புகளை அது இப்போது கட்டுப்படுத்துகிறது. மூன்றாவது செயல்திறன் தணிக்கை. வவுச்சர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் ஒரு திட்டம் எவருக்கும் பயன்படாமல் போகலாம் அல்லவா? அதைக் கேட்பது இந்தத் தணிக்கை. வாஷிங்டன் மாநிலத் தணிக்கையாளருக்கு அரசுத் துறைகளிலும் உள்ளாட்சிகளிலும் இதைச் செய்யும் அதிகாரத்தை, 2005ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் மக்களே நேரடியாக வழங்கினார்கள்.

மிசோரியில் இன்னொரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நகராட்சியின் அல்லது பள்ளி மாவட்டத்தின் கணக்குகளில் ஐயம் கொண்ட வாக்காளர்கள், சட்டம் குறிப்பிடும் எண்ணிக்கையில் கையொப்பம் திரட்டி மனு அளித்தால், மாநிலத் தணிக்கையாளர் அந்த அமைப்பைத் தணிக்கை செய்தாக வேண்டும். அதற்கான செலவை அந்த அமைப்பே ஏற்க வேண்டும் என்பதால், கையொப்பமிடுபவர்களும் தங்கள் ஊர்ப் பணம் செலவாகும் என்பதை உணர்ந்தே கையொப்பமிடுகிறார்கள்.

கேள்வி: முறைகேட்டைக் கண்டுபிடித்தால் தணிக்கையாளரே நடவடிக்கை எடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. அறிக்கை எழுதலாம், அதைப் பொதுவெளியில் வைக்கலாம், அரசு வழக்கறிஞருக்கு அனுப்பலாம். அதோடு அவர் கை ஓய்ந்துவிடும். ஒஹாயோவில் சற்றுக் கூடுதல் வலு உண்டு. முறையின்றிச் செலவான பணத்தை இன்னார் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று தணிக்கையாளர் பெயர் குறித்துத் தீர்மானிக்கலாம்; அதைச் செலுத்தித் தீர்க்காதவருக்கு அரசு ஒப்பந்தங்கள் கிடைக்காது. மிசிசிப்பியில் தணிக்கை அலுவலகத்துக்கென்றே புலனாய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரமும் உண்டு. வறிய குடும்பங்களுக்கான உதவித்தொகை தொடர்பாக 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர்கள் அம்மாநில மனித சேவைகள் துறையின் முன்னாள் தலைவர் உள்ளிட்ட ஆறு பேரைக் கைது செய்தனர். மே மாதம் வெளிவந்த தணிக்கை அறிக்கை, ஏறத்தாழ 9.4 கோடி டாலர் செலவைக் கேள்விக்குரியது என்று குறித்தது. அந்தத் தொகை, நான் முன்பு சொன்ன ஒருங்கிணைந்த தணிக்கையில் எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டுதோறும் சலிப்பூட்டும் வகையில் நடக்கும் வழக்கமான வேலைதான் அது. அந்த முன்னாள் துறைத் தலைவர் 2022ஆம் ஆண்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கேள்வி: கட்சிச் சின்னத்தில் வென்று வந்தவர் எப்படி நடுநிலையாகக் கணக்குப் பார்ப்பார்? அவருக்குக் கணக்கியல் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியாவது உண்டா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். ஓக்லஹோமாவின் அரசமைப்பு, தணிக்கையாளராக வருபவர் தேர்ந்த கணக்காளராகக் குறைந்தது மூன்று ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வேறு பல மாநிலங்களில் வயதும் குடியிருப்பும் மட்டுமே தகுதிகள். தணிக்கைக் குழுக்களில் இருப்பவர்கள் பயிற்சி பெற்ற கணக்காளர்கள். மேற்சொன்ன ‘மஞ்சள் புத்தக’ நெறிகளைப் பின்பற்றும் அலுவலகம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளித் தணிக்கையாளர்களைக் கொண்டு தன் வேலையையே சோதிக்கச் செய்ய வேண்டும். ஆகவே தலைவரின் அறியாமை எண்களைக் கெடுப்பது எளிதன்று. எந்தத் துறையை முதலில் நோண்டுவது, எந்த அறிக்கையை எப்போது வெளியிட்டுச் செய்தியாளர்களைக் கூட்டுவது என்ற தேர்வுகளில்தான் அரசியல் நுழைகிறது. இந்தப் பதவி மேலே ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு என்பதும் உண்மை. மிசோரித் தணிக்கையாளராக இருந்த கிறிஸ்டோஃபர் பாண்ட் அம்மாநில ஆளுநரானார். கிளேர் மெக்காஸ்கில் அதே பதவியிலிருந்து அமெரிக்க மேலவைக்குச் சென்றார்.

ஆனால் கட்சிச் சார்பைவிடப் பெரிய ஆபத்து, பணம் வழங்குபவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒருவராகவே இருப்பது. இல்லினாயில் 1952ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர்வில் ஹாட்ஜ் என்ற தணிக்கையாளரிடம், அரசின் காசாணைகளை (கருவூலத்திலிருந்து பணம் தருவதற்கான ஆணைகளை) வழங்கும் அதிகாரமும் இருந்தது. உண்மையில் எதுவும் தர வேண்டியிராதவர்களின் பெயரில் காசாணைகளை எழுதி, அவற்றைத் தாமே பணமாக்கிக்கொண்டார். 1956இல் இதை வெளிப்படுத்தியது ஒரு நாளிதழ். ‘சிகாகோ டெய்லி நியூஸ்’ அதற்காக அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றபோது, மோசடியின் அளவு 25 லட்சம் டாலர் என்று குறிப்பிடப்பட்டது. ஹாட்ஜ் சிறைக்குப் போனார். இல்லினாய் தன் 1970ஆம் ஆண்டு அரசமைப்பில் அந்தப் பதவியையே இரண்டாகப் பிளந்தது. பணம் வழங்குபவர் தேர்தலில் வருகிறார். தணிக்கை செய்பவரைச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவுடன் பத்து ஆண்டுகளுக்கு நியமிக்கின்றன.

கேள்வி: சட்டமன்றத்தின் கணக்குகளையே தணிக்கையாளர் கேட்டால் என்ன ஆகும்?

பதில்: மாசசூசெட்ஸில் நடந்தது அதுதான். 2022ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட தணிக்கையாளர் டயானா டிசோக்லியோ, முன்பு அங்கே இரு அவைகளிலும் உறுப்பினராக இருந்தவர். சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருப்பதும் அவருடைய கட்சியே. ஆயினும் அவர் தணிக்கை செய்ய முற்பட்டபோது அவைத் தலைவர்கள் மறுத்தனர். சட்டமன்றத்தின் இசைவின்றி அதைத் தணிக்கை செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று மாநிலத் தலைமை வழக்கறிஞரும் 2023இல் கருத்துரைத்தார். அதன்பின் அந்தக் கேள்வியை டிசோக்லியோ வாக்குச்சீட்டுக்குக் கொண்டுபோக, 2024 நவம்பரில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர். அதற்குப் பிறகும் அதிகாரப் பிரிவினையைக் காரணம் காட்டிச் சட்டமன்றம் ஆவணங்களைத் தரவில்லை.

ஐயோவாவில் நடந்தது இதைவிட அமைதியான காரியம். அங்கே ஆளுநரும் சட்டமன்றப் பெரும்பான்மையும் ஒரு கட்சி, தணிக்கையாளர் மற்றொரு கட்சி. 2023ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், தணிக்கையாளர் கேட்டுப் பெறக்கூடிய தனிநபர் தகவல்களைச் சுருக்கியதோடு, ஆவணம் தர மறுக்கும் துறைமீது அவர் நீதிமன்றத்துக்குச் செல்லும் வழியையும் அடைத்தது. அத்தகைய பிணக்குகளை இனி மூவர் குழு தீர்க்கும். அதில் ஒருவரைத் தணிக்கையாளரும், ஒருவரைத் தணிக்கைக்கு உள்ளாகும் துறையும், மூன்றாமவரை ஆளுநரும் அனுப்புவார்கள்.