தாடை இறுகுவது பலன் இல்லை, தம்பி

கேள்வி: எனக்கு வயது 22. ஒடுங்கிய முகம். தாடி வைத்தும் சின்னப் பெடியன் மாதிரி இருக்கிறாய் என்று கூட்டாளிமார் பகிடி பண்ணுகிறார்கள். தாடை அகலமாக வேண்டும் என்று ரிக்ரொக் பார்த்து, நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைத்துப் பழகினேன். ஒன்லைனில் சிலிக்கோன் கட்டை வாங்கிக் கடித்தேன். சில மாதங்களாக வேலையிடத்தில் பைக்கற் பாக்கும் மெல்லுகிறேன், அதுவும் தாடைக்குப் பயிற்சிதானே. இப்போது தாடை இறுகி வருவது நன்றாகத் தெரிகிறது. கொட்டாவி விடும்போது வாய் முழுதாகத் திறப்பதில்லை. கறி கொஞ்சம் எரிகிறது. பாமசியில் கேட்டு பி கொம்ப்ளெக்ஸ் போடுகிறேன். எனக்கு ஆண் ஹோர்மோன் குறைவோ? ஜிம்மில் ஊசி போடலாம் என்கிறார்கள். போடலாமா?

- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முதலில் பாக்கை நிறுத்துங்கள். நாளைக்கு இல்லை, இன்றைக்கே. மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

தாடை இறுகி வருகிறது என்று நீங்கள் பலனாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்திய வரி அதுதான். தசை பலப்பட்டால் கடி பலமாகும், வாய் திறப்பது குறையாது. வாய் திறப்பது குறைந்து, கூடவே உறைப்புக் கறியும் எரிகிறது, அந்த ஆள் பாக்கும் மெல்லுகிறார் என்றால் எந்தப் பல் வைத்தியரும் முதலில் ஒரு வருத்தத்தைத்தான் நினைப்பார். கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார் படர்ந்து இறுகுகிற வருத்தம் அது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள் அங்குள்ள கலங்களைத் தூண்டி, தேவைக்கு மேல் நாரை உண்டாக்க வைக்கிறது. தொடக்கத்தில் நோவே இருக்காது. எரிவு வரும். பிறகு உட்கன்னம் வெளிறும், விரலை உள்ளே விட்டுத் தடவினால் கயிறு மாதிரித் தட்டுப்படும். பிறகு விசிலடிக்க வராது, நாக்கை முன்போல் நீட்ட வராது. கடைசியில் சோற்றுக் கவளம் உள்ளே போகக் கஷ்டப்படும்.

கண்ணாடிக்கு முன் நின்று ஒன்று செய்யுங்கள். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். உங்கள் கை, உங்கள் வாய். அளவு சரியாக வரும். மூன்றும் போனால் கொஞ்சம் ஆறுதல். இரண்டோடு நின்றுவிட்டால் இந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் போக வேண்டும். மூன்றும் போனாலும் எரிவு இருப்பதால் போகத்தான் வேண்டும், அவசரம்தான் சற்றுக் குறைவு.

சிலிக்கோன் கட்டையும் காரணமாக இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டை மாதக்கணக்காக வருத்தினால் காலையில் அலகு பிடிக்கும், வாய் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும், அந்த இடம் நோகும். ஆனால் மூட்டுப் பிரச்சினைக்குக் கறி எரியாது. மூட்டு என்றால் கட்டையைத் தூக்கி எறிந்து, சில கிழமைகள் மெதுவான சாப்பாடு சாப்பிட்டு, இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கப் பெரும்பாலும் அடங்கிவிடும். நார் படர்ந்திருந்தால் கதை வேறு. பாக்கை விட்டால் மேலும் முற்றாமல் நிறுத்தலாம், வாய்ப் பயிற்சியாலும் மருந்தாலும் திறப்பைக் கொஞ்சம் மீட்கலாம். பழையபடி முழுதாக வருவது அரிது. சிலருக்கு வருடங்கள் கழித்து அதே இடத்தில் புற்றுநோய் வருகிறது. இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முன்னணியில் இருப்பது வாய்ப் புற்றுநோய். ஆகவே இரண்டு கிழமையில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ கண்டால் கிளினிக் நாள் பார்த்துக் கொண்டிருக்காதீர்கள்.

"புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்ல வருவீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இலேயே, புகையிலை சேராத வெறும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் போட்டுவிட்டது. வெற்றிலைத் தட்டம் இல்லாமல் இங்கே ஒரு நல்ல காரியமும் நடக்காது, அதனால் பாக்கை யாரும் நஞ்சாக நினைப்பதில்லை. அப்பம்மா சாகும்வரை போட்டவ, ஒன்றும் வரவில்லை என்பார்கள். வாய் வெட்டப்பட்டவர்கள் கலியாண வீட்டுக்கு வந்து தங்கள் கதையைச் சொல்வதில்லையே.

எரிவுக்கு பி கொம்ப்ளெக்ஸ்! யாரும் உங்கள் வாயைத் திறந்து பார்க்காமல் கொடுத்த குளிசை அது. எரிவு கொஞ்சம் குறைந்தால், நீங்கள் வைத்தியரிடம் போகிற நாள்தான் இன்னும் தள்ளிப் போகும்.

சரி, ஹோர்மோன். தாடி வளர்கிறது, அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒடுங்கிய தாடை ஹோர்மோன் குறைவுக்கு அடையாளம் இல்லை. அப்பாவையும் மாமாவையும் ஒருமுறை பாருங்கள், பதில் அங்கே இருக்கும். ஊசி போட்டாலும் வளர்ச்சி முடிந்த தாடை எலும்பு உங்கள் விருப்பத்துக்கு அகலப்போவதில்லை. நடப்பது வேறு: வெளியிலிருந்து ரெஸ்ரோஸ்ரிரோன் என்ற ஆண் ஹோர்மோன் வந்தவுடன் மூளை "இனி இங்கே வேலை இல்லை" என்று விதைகளுக்குக் கொடுக்கும் உத்தரவை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு இல்லாமலே போகும். இரத்தம் தடிக்கும், முகம் முழுக்கப் பரு வரும். ஆண்மை போதாதோ என்று பயப்படுகிற ஒருவர் போடக்கூடிய கடைசி ஊசி இது. ஜிம்மில் விற்கிற குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி.

வளர்ந்த ஆளுக்குத் தாடை எலும்பு தானாகப் பெருத்தால் அது வருத்தம். வளர்ச்சி ஹோர்மோன் மிகுந்து சுரக்கும்போது அப்படி நடக்கும். செருப்பு அளவு கூடும், மோதிரம் இறுகும், பல்லிடை விலகும். உங்களுக்கு அது இல்லை.

நாக்கை அண்ணத்தில் ஒட்டுவதால் தீங்கு பெரிதாக இல்லை, இந்த வயதில் எலும்பும் நகராது. விட்டுவிடுங்கள். சுத்தியலால் தாடையைத் தட்டச் சொல்கிற வீடியோவும் உங்கள் கண்ணில் படும். அதற்கு விளக்கம் எழுதி இடத்தை வீணாக்கப் போவதில்லை. கடித்துக் கடித்துத் தசையைக் கொஞ்சம் பெருக்கலாம் என்பது உண்மை. புழுக்கொடியல் கடித்தே வளர்ந்த ஊர் இது, எல்லோருக்கும் சதுரத் தாடையா வந்தது? இரவில் பல் நெறுமி அந்தத் தசை தடித்தவர்கள், முகம் அகலமாகிவிட்டதென்று காசு கொடுத்து ஊசி போட்டுக் குறைக்கிறார்கள், தெரியுமா? தாடையைப் பெருப்பித்துக் காட்டத் தோலுக்கடியில் போடும் ஃபில்லர் ஊசியை அழகு நிலையத்தில் போட வேண்டாம். இரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகும், பார்வைகூடப் போகலாம். மேல் கீழ்ப் பல் பொருந்தாத அளவுக்குத் தாடை சின்னதென்றால் அதற்கு முறையான அறுவைச் சிகிச்சை உண்டு. வெறும் ஒடுங்கிய முகத்துக்கு நல்ல சலூன்காரர் போதும்: தாடியைக் கன்னத்தோரம் அடர்த்தியாக விட்டு, நாடியில் குறைக்கச் சொல்லுங்கள்.

பல் வைத்தியர் பார்த்துவிட்டுத் தேவையென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் தருவார். போகும்போது எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எத்தனை பைக்கற் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வெறும் பைக்கற் ஒன்றையும் கையில் கொண்டு போங்கள், அதில் பாக்கோடு வேறு என்ன கலந்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும்.