முதலில் பிள்ளை வகுப்பில் உட்காரட்டும்

பெங்களூரில் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போன தமிழ்க் குடும்பங்களின் கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஆகஸ்டில் ஹெப்பகோடிக்கு வந்தோம். கட்டட வேலை. மகள் நான்காம் வகுப்பு. அவசரத்தில் டீசி வாங்காமல் வந்துவிட்டோம். ஆதாரிலும் ஊர் முகவரிதான். இங்கே அரசுப் பள்ளியில், “அட்மிஷன் முடிந்துவிட்டது, அடுத்த ஜூனில் டீசியோடு வாங்க” என்கிறார்கள். இவளுக்கு ஒரு வருஷம் போய்விடுமா?

பதில்: போக விடாதீர்கள். அவர்கள் சொன்ன இரண்டு காரணமும் சட்டத்தின் முன் நிற்காது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். அதன் 15ஆம் பிரிவு, சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. 5ஆம் பிரிவு, வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும் அரசுப் பள்ளிக்கு மாற உரிமை உண்டு என்றும், டீசி தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுப்பதையும் 14ஆம் பிரிவு தடுக்கிறது. ஆதார் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பள்ளிச் சேர்க்கை மறுக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆதாரில் கிருஷ்ணகிரி முகவரி இருப்பதெல்லாம் ஒரு தடையே இல்லை.

வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். தலைமை ஆசிரியருக்கு அரைப் பக்கக் கடிதம் ஒன்று கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். மகளின் பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் படித்த பள்ளி, வகுப்பு, இப்போது தங்கியிருக்கும் இடம், “கல்வி உரிமைச் சட்டத்தின் 5, 15ஆம் பிரிவுகளின்படி நான்காம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன், டீசி 30 நாளில் தருகிறேன்” என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கடிதத்தைக் கண்டதுமே பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் அந்தப் பகுதியின் சி.ஆர்.பி. யார் என்று கேளுங்கள். ஒரு கொத்துப் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கும் ஆசிரியர் அவர். ஆசிரியர்களுக்கு அவரைத் தெரியும், பெற்றோருக்குத்தான் தெரிவதில்லை. அவருக்கு மேலே பி.இ.ஓ. எனும் வட்டாரக் கல்வி அலுவலரின் அலுவலகம். ஹெப்பகோடி ஆனேக்கல் தாலுகாவில் இருப்பதால் உங்களுக்கு ஆனேக்கல் பி.இ.ஓ. நகருக்குள் இருப்பவர்களுக்குத் தெற்கு 1 முதல் 4, வடக்கு 1 முதல் 4 என்று மண்டலவாரியாக அலுவலகங்கள் உண்டு. எந்த மண்டலம் என்று தெரியாமல் வெளியூர்க்காரர்கள் நாள் முழுக்க அலைவதுண்டு. அருகிலுள்ள எந்த அரசுப் பள்ளியில் கேட்டாலும் சொல்வார்கள். பி.இ.ஓ.வுக்கும் மேலே துணை இயக்குநர், அதையும் தாண்டி மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம். எங்கும் நகராவிட்டால் 1098க்குப் போன் செய்யலாம்.

இன்னொரு சிக்கல் சேர்ந்த பிறகு வருவது. “வந்து உட்காரட்டும், பார்ப்போம்” என்று அன்போடு அனுமதிக்கும் ஆசிரியர்கள் உண்டு. நல்ல மனம்தான். ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறாமல் ஆறு மாதம் உட்கார்ந்த பிள்ளை ஆண்டு இறுதியில் கணக்கிலேயே இருக்க மாட்டாள். ஆகவே முதல் நாளே அட்மிஷன் நம்பர் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குள் சாட்ஸ் நம்பர் வந்ததா என்று கேளுங்கள். கர்நாடகப் பள்ளிகளில் பிள்ளையின் கணக்கெல்லாம் அந்த எண்ணில்தான் ஓடும்.

அந்த எண் ஏன் தாமதமாகிறது தெரியுமா? பழைய பள்ளியில் உங்கள் மகளின் பெயர் இன்னும் நீங்காமல் இருப்பதுதான் காரணம். நாடு முழுவதற்கும் பொதுவான யூடைஸ் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 11 இலக்க எண் ஒன்று உண்டு, ‘பென்’ என்பார்கள். தமிழ்நாட்டு டீசியில் இருக்கும் எமிஸ் எண் வேறு, இது வேறு. பழைய பள்ளி அந்தப் பதிவில் பிள்ளையை விடுவித்து ‘டிராப் பாக்ஸ்’ என்ற இடத்துக்கு மாற்றினால்தான் புதிய பள்ளி அவளை எடுத்துக்கொள்ள முடியும். ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியருக்குப் போன் செய்து மூன்று காரியம் கேளுங்கள்: டீசி, பென் எண், டிராப் பாக்ஸுக்கு மாற்றம். டீசியில் அங்குள்ள கல்வி அலுவலரின் மேலொப்பம் வாங்கிவிடச் சொல்லுங்கள். மாநிலம் தாண்டி வரும் டீசிக்கு அதைக் கேட்கும் பள்ளிகள் உண்டு. இல்லையென்றால் அதற்காகவே ஒருமுறை பஸ் ஏற வேண்டியிருக்கும்.

சீருடையும் புத்தகமும் உடனே கிடைக்காவிட்டால் கோபப்படாதீர்கள். முந்தைய ஆண்டு எண்ணிக்கையை வைத்தே கேட்டு வாங்குவதால், நடுவில் வருகிறவர்களுக்குக் குறைவது வழக்கம். புத்தகங்கள் கர்நாடகப் பாடநூல் சங்கத்தின் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. பிசியூட்டம் எனும் மதிய உணவும், பாலும், முட்டையும் (முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம்) முதல் நாளிலிருந்தே அவளுக்கும் உண்டு.

கேள்வி: மகன் ஜூலை மாதம் பிறந்தவன். ஜூனில் ஐந்து வருடம் பத்து மாதம் ஆகும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்கிறார்களே, ஊரில் சேர்த்துக்கொள்கிறார்கள். (கே.ஆர்.புரம்)

பதில்: கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. 2025-26ஆம் ஆண்டுக்கு மட்டும் 5 ஆண்டு 5 மாதம் என்று தளர்த்தினார்கள். ஆகவே பள்ளி சொல்வது சரி. அந்த ஓராண்டை அங்கன்வாடியிலோ, கர்நாடகா பப்ளிக் ஸ்கூல் போன்ற அரசுப் பள்ளிகளில் நடக்கும் யு.கே.ஜி.யிலோ கழிக்கலாம். இரண்டு மாதத்துக்காகப் பிறந்த தேதியை மாற்றி எழுதிக் கொடுக்காதீர்கள். பிறப்புச் சான்றில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று என்று இருந்தால் எஸ்.எஸ்.எல்.சி.யிலும் பாஸ்போர்ட்டிலும் அது திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும்.

கேள்வி: அல்சூரில் இருக்கிறோம். தமிழ் வழியில் போடலாமா, ஆங்கில வழியா, கன்னட வழியா? வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பக்கத்துப் பள்ளியில் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைக்கிறார்கள், அதுவும் பயமாக இருக்கிறது.

பதில்: தமிழ் வழிப் பள்ளிகள் நகரில் குறைந்துவிட்டாலும் முற்றாகப் போய்விடவில்லை. தமிழ் வழிப் பாடநூல்களைக் கர்நாடக அரசே அச்சிடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழை முதல் மொழியாக எழுதலாம். முதல் மொழிக்கு 125 மதிப்பெண். ஆனால் எந்த வழியில் படித்தாலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருந்தாக வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டம் சொல்கிறது. அதைச் சுமையாக நினைக்க வேண்டாம். இங்கே வாழப் போகும் பிள்ளைக்குக் கன்னடம் சோறு போடும் மொழி.

எங்கள் கருத்தைக் கேட்டால், வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தப் பள்ளி எந்த வகுப்பு வரை போகிறது, அந்த வழிக்கு இப்போது எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அடுத்து அதே வழியில் உயர்நிலைப் பள்ளி நடந்து போகும் தூரத்தில் உண்டா என்ற மூன்றையும் நேரில் போய் விசாரியுங்கள். யூடைஸ் இணையதளத்தில் பள்ளியைத் தேடினால் பயிற்று மொழியும் மாணவர் எண்ணிக்கையும் தெரியும். கர்நாடகப் பள்ளி என்றால் அதன் குறியீடு 29 என்று தொடங்கும். ஏழாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, எட்டில் தமிழ் வழி கிடைக்காமல் நேராக ஆங்கிலத்துக்குப் போகும் பிள்ளைகள் கணக்கிலும் அறிவியலிலும் தடுமாறுகிறார்கள். அப்படித்தான் மாற வேண்டிவரும் என்று முன்பே தெரிந்தால் ஐந்தாம், ஆறாம் வகுப்பிலேயே மாற்றுவது நல்லது. 2019-20 முதல் அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கில வழிப் பிரிவும் நடக்கிறது. அந்தப் பிரிவு எல்லாப் பள்ளியிலும் கிடையாது.

மூன்று வகுப்பு ஒரே அறையில் இருப்பது ஆசிரியர் பற்றாக்குறையால் மட்டும் வந்ததல்ல. அது ‘நலி-கலி’ என்ற முறை. 1 முதல் 3 வரையுள்ள பிள்ளைகள் அட்டைகளை வைத்துக் குழுக் குழுவாக உட்கார்ந்து, சுவரில் தொங்கும் கற்றல் ஏணியில் அவரவர் படியில் ஏறுவார்கள். “என் மகள் ஏணியில் எந்தப் படியில் இருக்கிறாள்?” என்று மாதம் ஒருமுறை டீச்சரிடம் கேளுங்கள். அதே படியில் ஒரு மாதம் நின்றால் என்ன காரணம் என்று விசாரியுங்கள்.

கேள்வி: தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீதம் இலவச இடம் உண்டாமே? ஒருவர் பணம் கொடுத்தால் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். (பொம்மனஹள்ளி)

பதில்: பணம் கொடுக்காதீர்கள். 2019-20 முதல் கர்நாடகத்தில், சுற்றுவட்டாரத்தில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இல்லாத இடத்தில்தான் தனியார் பள்ளிகளில் அந்த இடம் உண்டு. பெங்களூரில் அப்படிப்பட்ட இடம் மிக அரிது. விற்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

கேள்வி: மகள் பெயர் எழிலரசி. ஆதாரில் ஒரு மாதிரி, டீசியில் இனிஷியலோடு, பள்ளிக் கன்னடப் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயர். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இப்படியே விடலாமா? (ஸ்ரீராமபுரம்)

பதில்: விடாதீர்கள். திருத்த இதுவே நல்ல நேரம். நம் பெயர்கள் இங்கே இரண்டு இடத்தில் சிதைகின்றன. தமிழில் க, த, ப ஒவ்வொன்றும் ஒரே எழுத்து. கன்னடத்தில் ஒலிக்கு ஒன்றாக வேறு வேறு எழுத்துகள். தனலட்சுமி, பாலமுருகன் எல்லாம் எழுதுகிறவர் காதில் விழுந்தபடி மாறிவிடும். ‘ழ’வுக்கு இன்றைய கன்னடத்தில் எழுத்தே இல்லை. நாம் ஆங்கிலத்தில் போடும் இஸட்-எச்சை அவர்கள் ‘ஜ’ போலப் படித்து எழுதிவிடுகிறார்கள். எழிலரசி அங்கே ‘எஜிலரசி’ ஆகிவிடுவாள். இனிஷியலோ, முன்னால் வந்தால் ஒரு பெயர், பின்னால் வந்தால் வேறு பெயர் என்று கணினி எடுத்துக்கொள்கிறது.

எந்த எழுத்துக்கூட்டல் நிலைக்க வேண்டும் என்று முதலில் வீட்டில் முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றில் இருப்பதே நல்லது. அதற்கேற்ப ஆதாரைத் திருத்துங்கள். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை புதுப்பிக்க வேண்டியதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு இரண்டு சான்றையும் இணைத்துத் தலைமை ஆசிரியருக்கு மனு கொடுங்கள். சாட்ஸில் உள்ள எழுத்துப்பிழை பள்ளியிலேயே தீரலாம். சேர்க்கைப் பதிவேட்டைத் திருத்த பி.இ.ஓ. அலுவலக உத்தரவு வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வுப் பட்டியல் சாட்ஸிலிருந்துதான் போகிறது. மதிப்பெண் சான்று அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. புதிதாகச் சேர்ப்பவர்கள் பெயரை வாயால் சொல்லாமல், ஆங்கில எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கன்னடத்தில் எழுதியதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: எங்களிடம் தமிழ்நாட்டு எஸ்.சி. சான்றுதான் இருக்கிறது. கர்நாடக ஜாதிச் சான்று இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள். (லிங்கராஜபுரம்)

பதில்: சேர்க்கைக்கு ஜாதிச் சான்று தேவையே இல்லை. உதவித்தொகை, விடுதி போன்றவற்றுக்கு மட்டும் வேண்டும். படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விடலாம், பின்னால் நிரப்பலாம். அவர்கள் ‘ஜாதி-ஆதாய பத்ரா’ என்று கேட்பது, ‘நாட கச்சேரி’ எனும் வருவாய்த் துறை அலுவலகத்தில் தரும் ஜாதி, வருமானச் சான்றுகளை. வருமானச் சான்று இங்கே குடியிருப்பவருக்குக் கிடைக்கும்.

ஜாதிச் சான்றில் கவனம் வேண்டும். பட்டியல் சாதித் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனி. 1950 ஆகஸ்ட் 10 அன்று உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் வசித்ததோ, அந்த மாநிலத்துக்கே அது உரியது. தாத்தா காலத்திலேயே, அந்தத் தேதிக்கு முன் பெங்களூரில் குடியேறியவர்கள் பழைய வாடகை ரசீது, வேலைப் பதிவு, பள்ளிப் பதிவு ஏதாவது காட்டிக் கர்நாடகச் சான்று கேட்கலாம். பிறகு வந்தவர்களுக்கு, தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றை வைத்து இங்கேயே குடிபெயர்ந்தோருக்கான சான்று தருவார்கள். அது மத்திய அரசுச் சலுகைகளுக்குச் செல்லும், கர்நாடக ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. கர்நாடகச் சான்று வாங்கித் தருகிறோம் என்று தரகர்கள் சொல்வதை நம்பி வாங்கினால், கல்லூரிச் சேர்க்கையில் சரிபார்க்கும்போது பிள்ளையின் இடமே போய்விடலாம்.

கேள்வி: மகன் படிக்கும் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும்? (மடிவாளா)

பதில்: இங்கே பல அரசுப் பள்ளிகள் ஏழோடு நின்றுவிடும், உயர்நிலைப் பள்ளி 8 முதல் 10 வரை. சேர்க்கை தானாக நடக்காது. ஏப்ரல் விடுமுறைக்கு முன்பே, அடுத்துச் சேர்க்கப் போகும் பள்ளியில் அவன் படிக்கும் வழி உண்டா, இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். டீசியில் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்து, சாட்ஸ் எண்ணையும் பென் எண்ணையும் எழுதி வாங்குங்கள். மே முழுக்க ஊரில் இருந்துவிட்டு ஜூன் நடுவில் திரும்பினால், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு நிறைந்திருக்கும், தூரத்துப் பள்ளிக்குப் போக வேண்டிவரும். பள்ளி மே கடைசியிலேயே திறந்துவிடும். அதற்குள் அப்பாவோ அம்மாவோ ஒருவராவது திரும்பி வந்துவிடுங்கள்.