ஷிப்பிங் பில்லில் இருக்கும் 610910

கேள்வி: மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் கடைசி வருஷம். சர்வதேச அரசியல் படித்துப் பேராசிரியர் ஆவேன் என்கிறாள். பனியன் ஏற்றுமதி செய்யும் குடும்பத்துக்கு இந்தப் படிப்பு எதற்கு? தினமும் பேப்பர் படித்தால் தெரிகிற விஷயம்தானே?
– ஒரு தந்தை, அவிநாசி

பதில்: பேப்பரில் தெரியாது, ஐயா. ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையிடம் தரும் உங்கள் ஷிப்பிங் பில்லையே எடுத்துப் பாருங்கள். பருத்தி டி-ஷர்ட்டுக்கு நேரே சரக்கின் வகையைக் காட்டும், 610910 என்று தொடங்கும் எண் இருக்கும். அந்தச் சரக்குக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கமான வரி 12 சதவீதம். மிகவும் பின்தங்கிய நாடு என்பதால் வங்கதேசத்துக்கு வரியே கிடையாது. ஆனால் துணியையும் அங்கேயே பின்னியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2011 ஜனவரி 1 முதல் அதையும் தளர்த்தினார்கள்; வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைத்தாலே போதும். இதை யார் கேட்டார்கள், யார் எதிர்த்தார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் எப்படி முடிவானது? பேப்பரில் வரி விகிதம் வரும். காரணத்தைத் தோண்டி எடுப்பது ஆய்வாளரின் வேலை. திருப்பூருக்கு இப்படிப்பட்ட ஆட்கள் கட்டாயம் வேண்டும்.

வழி இதுதான். முதலில் எம்.ஏ. டெல்லி ஜேஎன்யு, புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் சியுஇடி பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டிசம்பர், ஜனவரி வாக்கில் அறிவிப்பு வரும். பலர் கோட்டை விடுவது பட்டத்தின் பெயரில். நம் அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 'அரசியல் அறிவியல்' என்று ஆள் கேட்கும்போது, சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், இரண்டு பட்டமும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணையைக் காட்டச் சொல்வார்கள். அப்போது அலைந்து பயனில்லை. எம்.ஏ. சேரும் முன்பே அந்த அரசாணை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு. வருஷத்துக்கு இரண்டு முறை: 3 மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறுக்குக் கழிவு இல்லை. அரசியல் அறிவியலுக்கு எண் 02, சர்வதேச உறவுகளுக்கு 90. அதில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய்; அது வந்தால் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. அந்த 6 ஆண்டையும் விழுங்குவது அகலமான தலைப்பு. 'இந்திய–அமெரிக்க உறவுகள்' என்று எடுத்தவர்கள் கரை சேர்வது கஷ்டம். ஒரே ஒப்பந்தம், சில ஆண்டுகள் போதும். பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த, அப்போது மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனுடன் இந்திய வேளாண்மை பற்றிச் செய்துகொண்ட உடன்பாடு ஒன்றே ஒரு முழு ஆய்வுக்குத் தாங்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகள் பலவற்றை 'அபிலேக் படல்' தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வேறொரு நாட்டைப் பற்றி எழுதினால் அந்த நாட்டு மொழி வேண்டும், எம்.ஏ. முதல் வருஷத்திலேயே தொடங்கட்டும். பணம் வாங்கிக்கொண்டு பத்தே நாளில் கட்டுரை அச்சிடும் இதழ்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. நேர்காணலில் அது தெரிந்துவிடும்.

சம்பளம்: பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விகிதத்தில் மாதம் உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படை 57,700, பேராசிரியருக்கு 1,44,200. சுயநிதிக் கல்லூரிகளில் இதில் பாதிகூடத் தராத இடங்கள் நிறைய.

ஒன்று செய்யுங்கள். பரீட்சை முடிந்ததும் அம்மணியை ஒரு மாதம் உங்கள் ஷிப்பிங் மேஜையில் உட்கார வையுங்கள். ஒரே ஒரு ஆர்டரை, விலை பேசியதிலிருந்து, சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று சொல்லும் சர்டிபிகேட் ஆஃப் ஒரிஜின் வரை, தாள் தாளாகப் படிக்கட்டும். பிஎச்.டி. தலைப்பு அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும்.