வாசகர் கேள்வி–பதில்: நடைபாதைக்கு யாரைப் பிடிப்பது?

எங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில் நடந்து போகிறார்கள். நடைபாதை கேட்டு மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. 'நிதி இல்லை' என்பதே பதில். வேறு என்ன செய்யலாம்?
– வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

மனு சரியான வாசலுக்குப் போனதா என்று முதலில் பாருங்கள். சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48-ம் அதை ஒட்டிய சர்வீஸ் ரோடும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. வேறு சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. உள்தெருக்கள்தான் மாநகராட்சிக்கு. நெடுஞ்சாலைக்காரர் சாலையில் நடைபாதை கேட்டு மாநகராட்சிக்கு மனு போட்டால், அது மேசை மேசையாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் "இந்த ரோடு யார் பேரில் இருக்கிறது?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சாலை மாநகராட்சியுடையது என்றால், 'நிதி இல்லை' என்ற பதில் பாதி உண்மை. ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வேலூர் 2016-ல் சேர்ந்தது. அந்தத் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது, இனி அதை நம்பிப் பயனில்லை. 2021–26-க்கான 15-ஆவது மத்திய நிதிக்குழு மானியத்திலும் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது. மீதி 40-க்குத்தான் தெருவும் விளக்கும் பாலமும் போட்டி போட்டன. மாநகராட்சியின் பொது நிதி, மாநில அரசின் நகர்ப்புறச் சாலைத் திட்டங்கள், எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி (ஆண்டுக்கு 3 கோடி), எம்.பி. நிதி (ஆண்டுக்கு 5 கோடி) ஆகியவை மற்ற வழிகள்.

எதில் கேட்டாலும் காலம் முக்கியம். பட்ஜெட் மார்ச்சுக்குள் முடியும். மே மாதம் கொடுக்கிற மனு அடுத்த ஆண்டுக்குத்தான். வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதிதான் முதல் கூட்டங்கள் நடந்தன. அங்கே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். பொங்கலுக்கு முன் அந்தத் தாள் கையில் இருந்தால் நல்லது.

'நடைபாதை அமைத்துத் தர வேண்டுகிறோம்' என்று மட்டும் எழுதினால் பொறியாளருக்கு அதில் ஒன்றும் இல்லை. எந்த முனையிலிருந்து எந்த முனை வரை, எத்தனை மீட்டர் நீளம், மூன்று இடங்களில் அளந்த அகலம், வழியில் உள்ள மின்கம்பங்கள், டிரான்ஸ்பார்மர், மரங்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதுங்கள். சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் விதிப்படி குடியிருப்புத் தெருவில் தடையில்லாத நடை அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5. உங்கள் தெரு 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 1.8 எடுத்தால் வண்டிக்கு 3.4 மீட்டர்தான் மிஞ்சும், யாரும் ஒப்ப மாட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் 5.2 மிஞ்சும், அது நடக்கிற காரியம். கம்பங்களை நகர்த்த மின்வாரியத்துக்கு டெபாசிட் கட்ட வேண்டும். எஸ்டிமேட்டில் அந்தத் தொகை இல்லாவிட்டால் நடைபாதை வரும், அதன் நடுவே கம்பமும் நிற்கும். ஊரில் பாதி நடைபாதைகளின் கதை இதுதான்.

எங்கள் வீட்டு வாசற்படி மூன்று இருந்தது, இப்போது ஒன்று. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு மேலே வருகிறது, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது.
– வாசகர், காட்பாடி

பழைய தார் மேலேயே புதுத் தார் போடுவதால் வருகிற வினை. ஒரு முறைக்கு 3 செ.மீ.தான் என்பார்கள், நாலு முறைக்கு ஒரு படி போய்விடும். சிமென்ட் ரோடு என்றால் ஒரே முறையில் 15 செ.மீ. மேலே வரும்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். உத்தரவு இருந்தும் ஏன் நடப்பதில்லை? 'மில்லிங்' என்பது எஸ்டிமேட்டில் தனி வரி, தனிக் காசு. அந்த வரி இல்லையென்றால் ஒப்பந்ததாரர் இனாமாகச் சுரண்ட மாட்டார். டெண்டருக்கு முன்பே எஸ்டிமேட் நகலில் மில்லிங் கனம் எத்தனை மி.மீ. என்று பாருங்கள். வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் வாசற்படி மேல்மட்டத்திலிருந்து தெரு வரை டேப் பிடித்து அளந்து, தேதி தெரிகிற படம் எடுத்துவையுங்கள். சிமென்ட் ரோட்டைப் பெரும்பாலும் உடைத்துத்தான் அள்ள வேண்டியிருக்கும். அதற்கும் தனி வரி கேளுங்கள்.

வேலை நாளில் தெருவில் நிற்பதும் தப்பில்லை. 2022-ல் நம் ஊரில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்துக் காங்கிரீட் போட்டதை நாடே பார்த்துச் சிரித்தது.

பள்ளிக்கூடம் முன்னால் நாங்களே சிமென்டில் ஒரு வேகத்தடை போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், தொரப்பாடி

கூடாது. விதிப்படியான வேகத்தடை 10 செ.மீ. உயரம், சாலையின் நீளவாக்கில் 3.7 மீட்டர் அகலம். 25 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு அது மெல்லத் தூக்கி இறக்கும். ஊரார் போடுவது அதே உயரத்தை அரை மீட்டரில் முடித்துவிடும். ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிற ஊர் இது. முதுகெலும்பு முறிந்தவரை ஏற்றி வருகிற வண்டி அந்த மேட்டில் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். விளிம்பு வரை அடைத்துப் போட்டால் மழைத் தண்ணீரும் அங்கேயே தேங்கும்.

கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுங்கள். வேகத்தடையைவிட, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய குறுக்குப்பாதை கேட்பது மேல். பிள்ளைகள் இறங்காமல் கடக்கலாம், வண்டியும் மெதுவாகும்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் சக்கர நாற்காலியில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் பத்தடி போக முடியவில்லை. சாய்தளம் இருக்கிறது, ஏற முடியவில்லையே?
– வாசகி, சாயிநாதபுரம்

சாய்வு 1-க்கு 12 இருக்க வேண்டும். விளிம்புக் கல் 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். பல இடங்களில் அறுபது செ.மீ.யில் முடித்துவிடுகிறார்கள். அது 1-க்கு 4. தள்ளுகிறவர் மூச்சு வாங்குவார், இறங்கும்போது நாற்காலி கையை மீறிப் போகும். சாய்தளம் தெருவைத் தொடுகிற இடத்தில் இரண்டு செ.மீ. உதடு நின்றாலும் முன் சக்கரம் முட்டி நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் ஏறாமலிருக்க நடுகிற தடுப்புக் கட்டைகளுக்கு நடுவிலும் குறைந்தது 90 செ.மீ. விட வேண்டும். 90 விட்டால் பைக்கும் நுழையும், உண்மைதான். அதற்கு அபராதம்தான் வழி, இடைவெளியைக் குறைப்பது அல்ல.

1954-ல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸ், பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கிய ஊர் இது. இங்கே இந்தக் கணக்கைக்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

நடைபாதைக் கடைகளை எடுத்தால்தானே நடக்க முடியும்?
– வாசகர், லாங் பஜார்

எடுத்தால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி முதலில் கணக்கெடுப்பு, பிறகு நகர விற்பனைக் குழு மூலம் இடம் ஒதுக்க வேண்டும். அந்தக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். வரைபடத்திலேயே நடக்க இத்தனை, கடைக்கு இத்தனை என்று கோடு போட்டால் சண்டை பாதி குறையும்.

எங்கள் நகர் நலச்சங்கம் பணம் போடத் தயார். பலன் உண்டா?
– வாசகர், காந்தி நகர்

நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பணம், மீதி அரசு. 6 லட்ச ரூபாய் வேலைக்கு நீங்கள் குறைந்தது 2 லட்சம் கட்ட வேண்டும். எஸ்டிமேட்டைப் பார்க்காமல் வசூலில் இறங்காதீர்கள்.

போன வருடம் போட்ட பேவர் பிளாக் முதல் மழைக்கே குழிந்துவிட்டது. யாரைக் கேட்பது?
– வாசகர், வேலப்பாடி

கல்லில் குறை இருக்காது, அடியில்தான் இருக்கும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்காமல் ஒரே மூச்சில் மண் தள்ளி மூடியிருப்பார்கள். கல்லுக்குக் கீழே மணல் 2 முதல் 4 செ.மீ.தான் இருக்க வேண்டும். மட்டம் வரவில்லை என்று 10 செ.மீ. மணலைக் கொட்டினால் மழையில் கரைந்து ஓடிவிடும். வண்டி ஏறுகிற இடத்தில் 80 மி.மீ. கல் வேண்டும், 60 நடைபாதைக்குத்தான். ஓரத்தில் விளிம்புக் கல் பதிக்காவிட்டால் வரிசையே விலகும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எஸ்டிமேட், எம்-புக் (செய்த வேலையின் அளவுகளை எழுதிவைக்கும் புத்தகம்), ஒப்பந்தத்தில் உள்ள குறைபாட்டுப் பொறுப்புக் காலம் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு வேலையை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது, பலருக்குத் தெரியாது. பொறுப்புக் காலம் ஓடிக்கொண்டிருந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் பெயர்த்துப் போட வேண்டும். எம்-புக்கில் எழுதிய கனத்தையும், நான்கு கல்லைப் பெயர்த்துப் பார்த்த கனத்தையும் ஒரே தாளில் எழுதி கமிஷனருக்குக் கொடுங்கள். கல்லைப் பெயர்க்கும்போது உதவிப் பொறியாளர் பக்கத்தில் இருக்கட்டும்.