நல்ல கொழுப்பு: அளவு வேறு, வேலை வேறு

நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்.லையும் அதிலுள்ள காப்பு நொதிகளையும் பற்றி வந்த கேள்விகளுக்கு, ரத்தக் கொழுப்பு ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் அளித்த பதில்கள். கெட்ட கொழுப்பு எனப்படுவது எல்.டி.எல்.

கேள்வி: எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டும் ஒரே கொலஸ்ட்ராலைத்தானே சுமக்கின்றன? ஒன்று கெட்டது, மற்றது நல்லது என்பது எப்படி?

சரக்கு ஒன்றுதான், வண்டிதான் வேறு. எல்.டி.எல். துகள் தமனியின் உட்சுவருக்குள் நுழைந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது. திறந்து வைத்த எண்ணெய் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? அதே ஆக்சிஜனேற்றம் அந்தத் துகளிலுள்ள கொழுப்புக்கும் நேர்கிறது. சாதாரண எல்.டி.எல்.லைச் செல்கள் தேவைக்குமேல் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஆக்சிஜனேற்றமடைந்த எல்.டி.எல்.லை வெள்ளணுக்கள் வேறொரு வாசல் வழியாக விழுங்குகின்றன; அந்த வாசலுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. விழுங்கி விழுங்கி ஊதிப்போனவையே நுரைச் செல்கள். தமனி அடைப்பின் முதல் படலம் அவற்றால் ஆனது.

எச்.டி.எல். அந்தச் செல்களிலிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக் கல்லீரலுக்குத் திருப்பி அனுப்ப உதவுகிறது. அத்துடன், கொழுப்பு சிக்குப் பிடிக்காமல் காக்கும் நொதிகளையும் தன்மீது ஏற்றிக்கொண்டு திரிகிறது.

கேள்வி: அந்த நொதிகளில் முக்கியமானது எது?

பாராக்சோனேஸ்-1. கல்லீரலில் உருவாகி எச்.டி.எல். மீது அமர்கிறது. எச்.டி.எல்.லின் முதன்மைப் புரதமான அப்போ ஏ-1 அதற்கு இருக்கை போன்றது. இருக்கை சரியாக இருந்தால்தான் நொதி நிலையாக வேலை செய்யும்.

பெயர் விசித்திரமாகத் தோன்றலாம். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி உடலில் பாராக்சான் என்ற கொடிய நஞ்சாக மாறும். அதை உடைக்கும் நொதி என்றுதான் இது முதலில் அறியப்பட்டது. எல்.டி.எல். ஆக்சிஜனேற்றத்தையும் இது தடுக்கிறது என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் 1991இல் காட்டினார்கள். 1998இல் இந்த நொதிக்கான மரபணுவை நீக்கிய எலிகளை ஆராய்ந்தபோது இரண்டு முகமும் ஒன்றாகத் தெரிந்தன. அந்த எலிகள் பூச்சிக்கொல்லிக்கு எளிதில் பலியாயின. கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்தபோது தமனிப் படிவும் அவற்றுக்கு அதிகமாக வந்தது. எச்.டி.எல். அவற்றிடம் இருந்தது. ஆனால் எல்.டி.எல்.லைக் காக்கும் திறன் அதற்கு இல்லை. இத்துறையில் என்னை இழுத்துப் போட்ட ஆய்வு அதுதான்.

கேள்வி: ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கிறேன். பாராக்சோனேஸ் சோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கக்கூடாது என்கிறார்களே, ஏன்?

நல்ல கேள்வி. ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க அது கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். பாராக்சோனேஸுக்கோ கால்சியம்தான் உயிர்நாடி. சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில், பாராக்சான் கரைசலைச் சேர்த்துப் பாருங்கள்: நிறமற்றிருந்த திரவத்தில் மெல்ல மஞ்சள் ஏறும். நைட்ரோபீனால் பிரிந்து வருவதன் நிறம் அது. மஞ்சள் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் நொதியின் அளவுகோல். அதே ஆளின் ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் மஞ்சள் வரவே வராது. பாராக்சான் கடும் நஞ்சு என்பதால், வழிகாட்டுபவர் அருகில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: என் எச்.டி.எல். 72, எல்.டி.எல். 165. மருத்துவர் எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்ல கொழுப்பு இவ்வளவு இருக்கும்போது மாத்திரை எதற்கு?

ஐயா, தயவுசெய்து அந்த 72ஐ நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். இப்படித் தள்ளிப்போட்டுவிட்டு மாரடைப்புடன் வந்தவர்களின் ரத்தம் என் மேசைக்கு வந்திருக்கிறது. இன்னும் மனத்தை உறுத்துகிறது.

அறிக்கையில் உள்ள எண், எச்.டி.எல். துகள்களுக்குள் எவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. நொதி இருக்கிறதா, உழைக்கிறதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வண்டியில் எத்தனை மூட்டை என்று எண்ணினால் காவலாளி விழித்திருக்கிறானா என்று தெரியுமா?

எண்ணை மட்டும் ஏற்றிப் பார்த்தும் விட்டார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை 70 விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்தியது. ஆனால் அதை உட்கொண்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006இல் சோதனையையே நிறுத்தினார்கள். அது ரத்த அழுத்தத்தையும் கூட்டியது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறை இல்லாத டால்செட்ராபிப்பும் எச்.டி.எல்.லை உயர்த்தியதே தவிர மாரடைப்பைக் குறைக்கவில்லை. ஸ்டேட்டினோடு, எச்.டி.எல்.லை உயர்த்தும் நியாசினைச் சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனைகளும் கைவிரித்தன. எல்.டி.எல்.லைக் குறைப்பதன் பலனோ சோதனைக்குச் சோதனை உறுதியாகியிருக்கிறது. உங்கள் மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

கேள்வி: நல்ல கொழுப்பே கெட்டுப்போகுமா?

போகும். உடலில் அழற்சி கடுமையாகும்போது கல்லீரல் சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதத்தை ஏராளமாகச் சுரக்கிறது. அது எச்.டி.எல்.லில் ஏறி அப்போ ஏ-1ஐ ஓரங்கட்டுகிறது. இன்னொரு பக்கம், வெள்ளணுக்கள் வெளியிடும் மயலோபெராக்சிடேஸ் என்ற மற்றொரு நொதி அப்போ ஏ-1ஐச் சிதைக்கிறது. இருக்கை ஆட்டம் கண்டால் பாராக்சோனேஸும் தளர்கிறது. நீரிழிவு உள்ளவர்களிடம் பாராக்சோனேஸின் செயல்திறன் பொதுவாகக் குறைவு.

கேள்வி: ஆக்சிஜனேற்றம்தான் காரணம் என்றால் வைட்டமின் ஈ மாத்திரை போதாதா அம்மா?

போதாது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட, இதயநோய் அபாயம் மிகுந்தவர்களுக்கு ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2000இல் வந்த முடிவில் எந்தப் பலனும் இல்லை. வைட்டமின் ஈ மூலக்கூறு ஒருமுறை தன்னைக் கொடுத்ததும் தீர்ந்துவிடும். வேறொன்று அதை மீட்டெடுக்க வேண்டும். நொதி அப்படியல்ல, ஒன்றை உடைத்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகிவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கேள்வி: பாராக்சோனேஸ் அளவை நான் பரிசோதித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்தப் புரதத்தின் 192ஆம் இடத்தில் சிலருக்கு குளுட்டமின் என்ற அமினோ அமிலம், சிலருக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். இந்த ஒரே மாற்றத்தால் பாராக்சானை உடைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்ய உதவும் எல்லைக்கோடு எதுவும் இதற்கு வகுக்கப்படவில்லை.

கேள்வி: இருபது ஆண்டுப் புகைப்பழக்கத்தை விட்டு மூன்று வாரம் ஆகிறது. இந்த நொதி மீளுமா?

மூன்று வாரம் என்று படித்ததும் மகிழ்ந்தேன். சிகரெட் புகை இந்த நொதியை நேரடியாகவே முடக்குகிறது. புகைப்பவர்களிடம் அதன் செயல்திறன் குறைந்திருப்பதும், விட்டவர்களிடம் காலப்போக்கில் அது மீள்வதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. நான்காவது வாரத்தில் ஆசை மறுபடி தலைதூக்கினால் தனியாக மல்லுக்கு நிற்காதீர்கள். நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.