ரிக்ல கேஸ் நாத்தம் இப்ப வரலையா? அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்

கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் குவைத்துல ஆயில் ரிக்ல, அதாவது எண்ணெய்க் கிணறு தோண்டுற இடத்துல, ஃப்ளோர்மேன் (மேடையில நின்னு குழாய் வேலை பாக்குறவர்), இப்ப லீவுல வந்திருக்காரு. கையிலயும் தொடையிலயும் சின்னச் சின்னதா கொப்புளம், காதுல எப்பவும் கொய்ங்னு சத்தம். முன்ன சைட்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்குமாம், இப்ப பழகிப்போச்சு ஒண்ணும் தெரியலங்கிறாராம். கேன்சர் வருமா டாக்டர்?

கொப்புளத்த விடுங்கம்மா, எனக்கு அந்த "பழகிப்போச்சு"தான் பயமா இருக்கு. அது ஹைட்ரஜன் சல்பைடு கேஸ். கொஞ்சமா இருக்கும்போது நல்லாவே நாறும், ஆனா தொடர்ந்து இழுத்தா மூக்கு மரத்துப்போகும், 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல நூறு பங்கு கேஸ்) வந்துட்டா சில நிமிஷத்துலயே நாத்தம் தெரியாது, 500க்கு மேல போனா ஆளு அங்கயே விழுந்துருவாரு. நம்ம ஊர்ல செப்டிக் டேங்க்ல இறங்கி ஒருத்தர் பின்னால ஒருத்தர் சாகுறாங்களே, அதுலயும் பெரும்பாலும் இதே கேஸ்தான். காத்த விட கனம், அதனால செல்லார் (கிணத்து வாயைச் சுத்தி இருக்குற குழி), மட் டேங்க் (டிரில்லிங் மட்ங்கிற தோண்டுற சேத்துக் கலவை இருக்குற தொட்டி) மாதிரி தாழ்வான இடத்துல தேங்கி நிக்கும். உங்க வீட்டுக்காரர் மூக்க நம்பவே கூடாது, சட்டையில இந்த கேஸ காட்டுற மீட்டர் மாட்டிக்கணும், அலாரம் அடிச்சா காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அந்தப் பக்கமா, மேடான இடத்துக்கு ஓடணும், கூட்டாளி விழுந்து கிடந்தாலும் காத்து சிலிண்டரோட வர்ற மாஸ்க் போடாம தூக்கப் போகக்கூடாது. தாடி வச்சிருந்தா மாஸ்க் முகத்துல ஒட்டாது, எடுக்கச் சொல்லுங்க (இதுக்குதான் சண்டை வரும், தெரியும்).

கொப்புளம் பெரும்பாலும் டிரில்லிங் மட்ல இருக்குற ஆயில் முடிக்குழிய அடைக்கிறதால வருது. டீசல் ஊத்தி கை கழுவுற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, எண்ணெய் ஊறின கவரால (உடம்பு முழுக்க மூடுற வேலை உடுப்பு) மறுநாளும் போடக்கூடாது. மெடிக்கல்ல கேட்டு வாங்குற ஸ்டீராய்டு ஆயின்மென்ட் தடவாதீங்க, கூடத்தான் செய்யும். ஸ்கின் டாக்டர் ஒருதடவ பாக்கட்டும்.

காது சத்தம் இன்ஜின், பம்ப் இரைச்சலால இருக்கலாம். 85 டெசிபலுக்கு மேல தினமும் 8 மணி நேரம் கேட்டாலே நரம்பு கெடும், இவங்களுக்கு ஷிஃப்டே 12 மணி நேரம். போன காது கேக்குற சக்தி திரும்பாது, இருக்குறத காப்பாத்தலாம். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல ஈஎன்டி ஓபிக்கு கூட்டிட்டு போய் ஆடியோகிராம் (காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்குற டெஸ்ட்) எடுங்க.

கேன்சர் கேட்டீங்க. குரூடுல (கச்சா எண்ணெய்) பென்சீன்ங்கிற கெமிக்கல் இருக்கு, வருஷக்கணக்கா நெறைய சுவாசிச்சா ரத்தப் புற்றுநோய் வரலாம்ங்கிறது உண்மை. அதுக்காக ரிக்ல நிக்கிற எல்லாருக்கும் வரும்னு இல்ல, பயந்து தூக்கம் கெடாதீங்க. வருஷத்துக்கு ஒருக்கா முழு ரத்த எண்ணிக்கை டெஸ்ட் பாத்தா போதும். சிகரெட் உண்டா? அதுலயும் பென்சீன் உண்டும்மா, முதல்ல அத நிறுத்தட்டும்.

பிளைட் ஏறுறதுக்கு முன்ன காது டெஸ்ட், ரத்த டெஸ்ட் ரெண்டையும் முடிச்சிருங்க. முதல்முறை கல்ஃப் போறப்ப எடுத்த மெடிக்கல் பேப்பர் வீட்டுல கிடந்தா அதையும் கொண்டு போங்க, அப்ப இருந்ததையும் இப்ப இருக்குறதையும் ஒத்துப்பாக்க டாக்டருக்கு அது வேணும்.