பச்சையாகிவிட்ட கோய் குளம்: ரசாயனம் இல்லாமல் தெளிய வைக்கும் வழி

கேள்வி: சிங்கப்பூரின் சிலேத்தார் வட்டாரத்தில் தரைவீட்டில் வசிக்கிறேன். பின்புறம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழத்தில் சிமெண்ட் குளம் கட்டிக் கோய் மீன் வளர்க்கிறேன். 14 மீன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். 4 மாதங்களாகத் தண்ணீர் கீரைச் சாறு போலப் பச்சையாக இருக்கிறது. இரண்டு முறை முழுவதையும் இறைத்துவிட்டுக் குழாய்நீர் நிரப்பினேன். ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. இரண்டாம் முறை 2 மீன்கள் செத்தும் போயின. வடிகட்டியையும் குழாயடியில் வாரந்தோறும் தேய்த்துக் கழுவுகிறேன். நாளுக்கு மூன்று வேளை, மொத்தம் 60 கிராம் தீவனம் போடுகிறேன். குளத்தைச் சுற்றிப் பூந்தொட்டிகளில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்து, கோழி எரு உருண்டை இடுகிறேன். மயில் துத்தம் போடச் சொல்கிறார் நண்பர். பேரப்பிள்ளைகள் கைவிட்டு விளையாடும் தண்ணீர், ரசாயனம் வேண்டாம். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: வணக்கம் ஐயா. மயில் துத்தத்தைத் தொடாமல் விட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. அதைப் போட்டால் பாசி முழுவதும் ஒரே நாளில் செத்து அழுகும். அழுகும்போது நீரில் உள்ள பிராணவாயுவை அது உறிஞ்சிவிடும். மயில் துத்தத்தில் உள்ள செம்பு மீனின் செவுளையும் அரிக்கும். கடினத்தன்மை குறைந்த நீரில், அதாவது மழைநீர் கலந்த உங்கள் குளத்தைப் போன்ற இடத்தில், அதன் நஞ்சு இன்னும் கூடும். பிறகு அடிச்சேற்றில் தங்கிவிடும். பிள்ளைகள் கைவிடும் தண்ணீரில் அது வேண்டவே வேண்டாம்.

ஒரு கண்ணாடிக் குவளையில் குளத்து நீரை மொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். கலங்கல் அடியில் படிந்தால் அது சேறு. படியாமல் நீர் முழுவதும் பச்சையாகவே நின்றால், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பாசிதான். துணியில் வடிகட்டினாலும் அது நிற்காது.

இந்தப் பச்சையை அழுக்கு என்று நினைப்பதால்தான் இறைத்து இறைத்துக் கழுவுகிறீர்கள். உண்மையில் இது ஒரு பயிர், அதற்கு உரமிட்டவரும் நீங்கள்தான். தமிழ்நாட்டில் கட்லா, ரோகு வளர்ப்பவர்கள் சாணம் கரைத்துவிட்டு இதே பச்சையை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். கெண்டை மீனுக்கு அதுதான் சோறு. முழங்கை வரை கையை நீருக்குள் விட்டு, உள்ளங்கை தெரிகிறதா என்று பார்த்து எருவைக் கூட்டிக் குறைப்பார்கள். அவர்கள் சாணத்தால் செய்வதை நீங்கள் தீவனத்தால் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். கோய் தீவனத்தில் புரதம் சுமார் 35 சதவீதம். 60 கிராமில் 21 கிராம் புரதம். அதற்குள் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) 3.4 கிராம். மீன் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதி செவுள் வழியாகவும் கழிவாகவும் நீரில் கலக்கிறது. ஒரு மாதத்தில் ஏறத்தாழ 70 கிராம் தழைச்சத்து. யூரியாவாகக் கணக்கிட்டால் 150 கிராம்! 3,600 லிட்டர் நீரில் மாதம் 150 கிராம் யூரியா கொட்டினால் பச்சையாகாமல் வேறு என்ன ஆகும்? போதாததற்கு, மழை கொட்டும்போதெல்லாம் பூந்தொட்டிகளின் கோழி எருவும் கரைந்து வந்து சேர்கிறது. அதில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுதி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது இன்னும் கூடும்.

வெயிலும் நம் ஊரில் ஓய்வதில்லை. ஆண்டு முழுவதும் 12 மணி நேரப் பகல், உச்சிக்கு நேரே சூரியன், 30 பாகை வெப்பம். குளிர்நாட்டுக் குளங்களில் குளிர்காலம் வந்தால் பாசி அடங்கும். இங்கே அதற்கு விடுமுறையே கிடையாது. அதனால் அந்நாட்டவர் சொல்லும் பார்லி வைக்கோல் வைத்தியத்தை நான் பரிந்துரைப்பதில்லை. நம் வெப்பத்தில் வைக்கோல் விரைந்து அழுகி, மீனுக்கு வேண்டிய பிராணவாயுவைத் தின்றுவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது, பாசியின் சாப்பாட்டையும் வெளிச்சத்தையும் குறைப்பது. இன்றே தீவனத்தை ஒரே வேளைக்கு மாற்றி 20 முதல் 25 கிராமோடு நிறுத்துங்கள். மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான் சரியான அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடலாம், மீனுக்கு ஒன்றும் ஆகாது. கையை நீட்டினால் ஓடி வருகின்றனவே என்று மனம் இளகும். கோய் எந்த நேரமும் அப்படித்தான் ஓடிவரும், அது பசியல்ல. பூந்தொட்டிகளை இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். குளத்தின் விளிம்பைச் சுற்றி 10 செ.மீ. உயரத்துக்குச் செங்கல் வரி ஒன்று கட்டிவிட்டால் மழைநீர் உள்ளே வழியாது.

அடிச்சேற்றைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள், ஆனால் கலக்காமல், ஒரு வாரத்துக்குக் கால் பங்குதான். எடுத்த சேறு உங்கள் கறிவேப்பிலைக்கு அருமையான உரம். கோழி எரு வாங்கும் செலவும் மிச்சம்.

இனி உங்கள் மீன்கள் செத்த விஷயம். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரமைன் சேர்க்கப்படுகிறது. குளோரின் என்றால் ஒரு நாள் திறந்து வைத்தால் பறந்துவிடும். குளோரமைன் அப்படிப் போகாது. அது செவுளைச் சுட்டுவிடும், வடிகட்டியில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லும். மீன் கழிக்கும் அம்மோனியாவைத் தீங்கற்றதாக மாற்றுபவை அந்த நுண்ணுயிர்கள்தாம். குளத்து நீர் முழுவதையும் குழாய்நீராக மாற்றியதிலேதான் அந்த 2 மீன்களும் பெரும்பாலும் போயிருக்க வேண்டும். இனிமேல் முழுவதும் இறைக்கவே வேண்டாம். வாரம் 10 சதவீதம், அதாவது 360 லிட்டர் மட்டும் மாற்றுங்கள். அதையும் கரி வடிகட்டி வழியே மெல்லிய ஓட்டமாக விடுங்கள். வடிகட்டிப் பஞ்சை, குளத்திலிருந்து மொண்ட நீரை ஒரு வாளியில் வைத்து அலசினால் போதும், மாதம் ஒரு முறை. நீங்கள் வாரந்தோறும் குழாயடியில் தேய்ப்பது, நட்ட நாற்றை வாரந்தோறும் பிடுங்கிப் பார்ப்பதற்குச் சமம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாசி தின்னும் சத்தை வேறொரு செடிக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்கு வள்ளைக்கீரையை விஞ்ச ஆளில்லை. ஈரச்சந்தையில் கங்கோங் என்று விற்கிறார்களே, அதேதான். இரண்டு கட்டு வாங்கி, இலையைச் சமைத்துவிட்டுத் தண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி நீரில் வைத்தால் சில நாட்களில் வேர் விடும். குளத்தில் நேரே போட்டால் கோய் ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஆழமான பிளாஸ்டிக் தொட்டியைக் குளத்தின் ஓரத்தில் சற்று உயரமாக வைத்து, 25 செ.மீ. சரளைக்கல் நிரப்பி, அதில் தண்டுகளை நடுங்கள். மோட்டார் நீரைச் சரளையின் அடியில் விட்டு, மேலே வழிந்து குளத்தில் விழும்படி அமையுங்கள். மணிக்கு 1,800 லிட்டர் இறைக்கும் மோட்டார் போதும். வேர்கள் சத்தை உறிஞ்சும், சரளை நுண்ணுயிர்களுக்கு வீடாகும், விழும் நீர் காற்றைக் கலக்கும். பக்கத்தில் பாண்டான் செடியையும் நடலாம், ஈரத்தில் நன்றாக வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கங்கோங்கை அறுத்தே ஆக வேண்டும். அறுத்து வெளியே எடுக்கும் ஒவ்வொரு கட்டோடும் தழைச்சத்து குளத்தைவிட்டு வெளியேறுகிறது. அறுக்காமல் விட்டால் பழுத்து உதிர்ந்து அதே நீருக்குத் திரும்பிவிடும். மீனுக்கு மருந்து ஏதும் போடாத குளமென்றால் கீரையை நன்கு கழுவி வேகவைத்துச் சாப்பிடலாம்.

வெளிச்சத்துக்கு, 50 சதவீத நிழல்வலையைக் குளத்தின் பாதிக்கு மேல் பகல் 11 மணி முதல் 4 மணி வரை விழும்படி கட்டுங்கள். அல்லி வைக்க விரும்பினால் மீன் எட்டாதபடி வலை வளையம் போட்டு வையுங்கள். ஆகாயத்தாமரையும் வேலை செய்யும்; ஆனால் மிகுந்தால் வெயிலில் காயவைத்து மட்கவிடுங்கள், கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ ஒரு செடிகூடப் போகக்கூடாது.

கொசுவை மறந்துவிடாதீர்கள். குளத்தில் மீன் இருப்பதால் புழு தங்காது. ஆனால் சரளைத் தொட்டியில் மீன் இல்லை. நீர் சரளையின் மேற்பரப்புக்குக் கீழேயே நிற்க வேண்டும், மேலே தேங்கி நிற்கக்கூடாது. மோட்டாரை நிறுத்தி ஊருக்குப் போகும் நாட்களில் வடித்துவிடுங்கள். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் சோதனை ஒரு பக்கம் இருக்கட்டும், டெங்கி வந்தால் படுபவர்கள் உங்கள் பேரப்பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும்தான்.

புற ஊதா விளக்கு ரசாயனம் அல்ல. பாசியைத் திரளச் செய்து வடிகட்டியில் பிடிபட வைக்கும், விரைவாகவும் தெளியும். ஆனால் உரத்தை அது எடுக்காது. மேற்சொன்னவற்றைச் செய்தபிறகும் 6 வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் வாங்குங்கள், விளக்கை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் ஓர் ஆபத்து உண்டு. பாசி பகலில் பிராணவாயு தரும், இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சுவிடும். 30 பாகை நீர் தாங்கும் பிராணவாயுவே லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம்தான். விடியுமுன் அது மிகவும் குறைந்திருக்கும். இங்கே 7 மணிவாக்கில்தான் சூரியன் எழுகிறது, 6 மணிக்கு எழுந்து போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்று இரவிலிருந்தே காற்று மோட்டார் ஓட வேண்டும். ஒருநாள் நீர் திடீரெனப் பழுப்பாகி நாற்றமடித்தால் பாசி மொத்தமாகச் செத்துவிட்டது என்று பொருள்; தீவனத்தை உடனே நிறுத்தி, காற்றைக் கூட்டி, கரியில் வடித்த நீரால் 20 சதவீதம் மாற்றுங்கள்.

கடைசியாக மீன்களின் எண்ணிக்கை. 12 கோய்களும் முழங்கை நீளம் வளர்ந்தால் இந்தக் குளம் தாங்காது. வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,000 லிட்டர் வேண்டும். பாதியை இப்போதே குளம் வைத்திருக்கும் நண்பர்களுக்கோ மீன் கடைக்கோ கொடுத்துவிடுங்கள். நீர்த்தேக்கத்தில் விடுவது சட்டப்படி குற்றம். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி ஞாயிறுதோறும் இறக்கி, எத்தனை செ.மீ. ஆழத்தில் மறைகிறது என்று நாட்காட்டியில் குறித்து வாருங்கள். நாள் தவறாமல் பார்ப்பவருக்கு நிற மாற்றம் தெரியாது, அந்த எண் காட்டும். தட்டு குளத்தின் அடிவரை தெரியத் தொடங்கியதும் சுவரில் நூல்பாசி முளைக்கும். பயப்பட வேண்டாம், குச்சியில் சுருட்டி எடுத்து எலுமிச்சை வேரில் போடுங்கள்.